ஏழு வயது ஆட்டிசக் குழந்தைக்கு ஹிப்னோதெரபி கொடுக்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு தாய். மகனுக்கு ஏழு வயது. மூன்றரை வயதில் திருவனந்தபுரத்தில் ஆட்டிசம் என்று உறுதி செய்திருக்கிறார்கள். இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசுவான். முடிவெட்டப் போனால் கடை முழுக்க அழுகை, இரவு ஒரு மணிக்கு முன் உறக்கம் இல்லை, ஊசி என்றால் நாலு பேர் பிடிக்க வேண்டும். பஸ் என்றால் உயிர். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஹிப்னோதெரபி செய்யும் ஒருவர், "ஆழ்மனத் தடையை எடுத்துவிட்டால் பேச்சு தானாக வரும். 15 அமர்வு, 45,000 ரூபாய்" என்கிறார். அமர்வு தொடங்கும் வரை, உறங்கும் பிள்ளையின் காதில் தினமும் சில வாக்கியங்களைச் சொல்லவும் சொல்லியிருக்கிறார். போகலாமா?

பேச்சுக்காகவோ ஆட்டிசத்தைப் போக்கவோ என்றால் வேண்டாம். ஊசி, முடிவெட்டு, உறக்கம் ஆகிய மூன்றிலும் ஹிப்னாசிஸிலிருந்து கடன் வாங்கக்கூடிய உத்திகள் சில உண்டு. அவற்றில் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்யலாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் அடுத்த வருடம் வேறொருவர் வேறு பெயரில் வந்து இதையே சொல்லும்போது உங்களுக்கு அடையாளம் தெரியும்.

ஹிப்னாசிஸ் என்பது உறக்கம் இல்லை. 'அறிதுயில்' என்று தமிழில் எழுதுகிறார்கள். பாற்கடலில் பெருமாள் கொள்ளும் துயிலுக்கான பழைய சொல். உறங்குவது போலத் தெரிந்தாலும் எல்லாம் அறிந்திருக்கும் நிலை என்பதால் ஆங்கிலப் பெயரைவிட இதுதான் பொருத்தம். உள்ளே நடப்பது நான்கு கட்டம். முதலில் கவனத்தை ஒரே இடத்தில் குவிப்பது. அடுத்து, எண்ணிக்கையோ படிக்கட்டோ ஏதோ ஒன்றை வைத்து அந்தக் கவனத்தை ஆழப்படுத்துவது. மூன்றாவது, 'கை குளிர்கிறது', 'வயிறு தளர்கிறது' போன்ற யோசனைகளைச் சொல்வது. கடைசியில் பழைய நிலைக்குத் திரும்ப அழைத்து வருவது. இந்த நான்கும் குழந்தையிடம் என்னென்ன கேட்கின்றன என்று பாருங்கள்: இன்னொருவர் காட்டும் இடத்தில் கவனத்தை வைக்க வேண்டும், அவர் பேசுவது தொடர்ச்சியாகப் புரிய வேண்டும், இல்லாததைக் கற்பனை செய்ய வேண்டும், தன் உடம்புக்குள் என்ன மாறுகிறது என்று கவனிக்க வேண்டும். ஆட்டிசத்தில் சிரமமாக இருப்பவையும் பெரும்பாலும் இவையே. நொண்டும் காலுக்கு மருந்து மலையுச்சியில் இருக்கிறது, ஏறி வந்து வாங்கிக்கொள் என்பது போன்றது இது.

'ஆழ்மனத் தடை' என்ற சொல்லைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மொத்த வியாபாரமும் அதில்தான் நிற்கிறது. ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் பிறப்புக்கு முன்பே தொடங்கும் வேறுபாடு. உள்ளே முழுப்பேச்சும் தயாராக இருந்து, மேலே ஒரு மூடி அழுத்திக்கொண்டிருப்பதாக எந்த ஆதாரமும் இல்லை. 1943-ல் லியோ கானர் 11 குழந்தைகளை வைத்து முதல் விவரிப்பை எழுதினார். அதன்பின் இருபது ஆண்டுக்கு மேல், தாயின் பாசக்குறைவே காரணம் என்ற கருத்து உலகம் முழுக்கத் தாய்மாரை வதைத்தது. 1977-ல் இங்கிலாந்தில் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. மரபணுவின் பங்கு அன்றே தெளிவாகிவிட்டது. இன்றும் 'கர்ப்ப காலத்தில் நீங்கள் பட்ட துக்கம் பிள்ளைக்குள் இறங்கியிருக்கிறது, உங்களையும் ஹிப்னாசிஸில் பின்னோக்கிக் கூட்டிப்போய் அதை எடுக்க வேண்டும்' என்று யாராவது சொன்னால், அந்தப் பழைய பழிதான் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அப்படிப் பின்னோக்கிப் போகும் அமர்வுகளில் நடக்காத சம்பவங்கள்கூட நடந்த நினைவாக மனதில் பதிந்துவிடும். அது வேறொரு கெடுதல்.

ஹிப்னாசிஸே புரட்டு என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தைகளின் நாள்பட்ட வயிற்றுவலிக்கு நெதர்லாந்தில் செய்த ஆய்வு 2007-ல் வந்தது. 8 முதல் 18 வயது வரை 53 பேர். மூன்று மாதத்தில் ஆறு அமர்வு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது ஹிப்னாசிஸ் பெற்றவர்களில் 85 சதவீதம் பேரும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 25 சதவீதம் பேரும் தேறியிருந்தார்கள். ஊசி, ரத்தப் பரிசோதனை நேரத்து வலியிலும் பதற்றத்திலும் குழந்தைகளுக்கு உதவுகிறது என்பதற்கும் நல்ல ஆய்வுகள் உண்டு. குழுவைப் பிரித்து, ஒப்பிட்டு, ஒரு வருடம் கழித்தும் பார்க்கிறார்கள். சான்று என்றால் அப்படி இருக்கும். ஆட்டிசத்துக்கு வந்தால் கையில் இருப்பவை தனித்தனிக் குழந்தைகளைப் பற்றிய குறிப்புகளும், 2008-ல் இரண்டே குழந்தைகளிடம் மெய்நிகர் காட்சிக் கருவியோடு ஹிப்னாசிஸைச் சேர்த்து 'இப்படிச் செய்ய முடிகிறதா' என்று பார்த்த ஒரு முயற்சியும் போன்றவைதான். 15 அமர்வில் பேச்சு வரும் என்று சொல்ல இவற்றில் இடமே இல்லை.

"எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்குப் பேச்சு வந்ததே" என்று யாராவது சொல்வார்கள். வந்திருக்கும். ஏழு வயதுப் பிள்ளை ஆறு மாதத்தில் தானாகவே வளர்கிறான். கூடவே பேச்சுப் பயிற்சியும் பள்ளியும் நடக்கின்றன. மிக மோசமான மாதத்தில்தான் நாம் புதிய சிகிச்சையைத் தேடி ஓடுகிறோம், அடுத்த மாதம் எப்படியும் கொஞ்சம் தணியும். செக்ரிட்டின் என்ற ஊசி மருந்து 1990-களின் கடைசியில் ஆட்டிசத்துக்கு அற்புத மருந்து என்று பரவியது. 1999-ல் அதை வெறும் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டபோது இரண்டு குழுவும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறின. மருந்தில் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் பெரும்பாலான பெற்றோர் அது வேண்டும் என்றே கேட்டார்கள். பெற்றோர் ஏமாளிகள் என்று இதற்கு அர்த்தமில்லை. கண்முன்னால் முன்னேற்றத்தைப் பார்த்தார்கள், பக்கத்துக் குழுவை அவர்கள் பார்க்கவில்லை.

சரி, ஆட்டிசம் உள்ள குழந்தை யாருக்குமே இது உதவாதா? சிலருக்கு உதவலாம். சாதாரணமாகக் குழந்தைகள் ஹிப்னாசிஸுக்கு நன்றாக இணங்குவது எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வரை. ஆனால் பார்க்க வேண்டியது பிறந்த தேதியை அல்ல, மொழியை. நேற்றுப் பள்ளியில் நடந்ததை வரிசையாக ஐந்தாறு வாக்கியத்தில் சொல்கிறானா? 'இது இருந்தால் எப்படி இருக்கும்' என்ற பாவனை விளையாட்டு வருகிறதா? பத்து நிமிடம் ஒருவர் சொல்வதைக் கேட்பானா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால், ஊசி பயம், மருத்துவர் காரணம் கண்டுபிடிக்க முடியாத வயிற்றுவலி, பரீட்சைப் பதற்றம், படுத்தபின் ஓடிக்கொண்டே இருக்கும் மனம் போன்ற ஒரு குறிப்பிட்ட தொந்தரவுக்கு முயலலாம். ஒரே நேரத்தில் ஒரே ஒரு தொந்தரவு. 'மொத்தமாகப் பிள்ளை நல்லா வரணும்' என்பது வேண்டுதலாக இருக்கலாம், சிகிச்சையின் இலக்காக இருக்க முடியாது.

அப்படிச் செய்யும்போதும் சாதாரணக் குழந்தைகளுக்கான வசனத்தை அப்படியே வாசித்தால் காரியம் கெடும். சொல்லுக்குச் சொல் அர்த்தம் எடுத்துக்கொள்ளும் பிள்ளையிடம் "கை மரத்துப் போகிறது" என்றால் அவன் கையைப் பார்த்துவிட்டு மரத்தைத் தேடுவான். "உறக்கத்தில் மூழ்குகிறாய்" என்றால் குளத்தில் மூழ்குவது நினைவுக்கு வந்து பயப்படுவான். "பாரத்தை இறக்கி வை" என்றால் எந்தப் பாரம் என்று கேட்பான், அது நியாயமான கேள்வி. அதனால் உருவகம் வேண்டாம்; உடம்பில் நிஜமாக நடப்பதை நிஜமான சொல்லில் சொல்ல வேண்டும். 'மூச்சு உள்ளே வருது. மூச்சு வெளியே போகுது. தோள் கீழே இறங்குது.' இவ்வளவு போதும்.

நம் எல்லைப் பக்கத்தில் மொழி இன்னொரு சிக்கல். வீட்டில் குமரித் தமிழ், டிவியில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம். மலையாளம் பேசும் நிபுணர் "தெளிந்த வெள்ளம் ஒழுகுது" என்று அமைதியான காட்சியாகச் சொல்வார். வீட்டில் வெள்ளம் என்றால் குடிக்கும் தண்ணீர், தமிழ்ப் பாடப்புத்தகத்தில் வெள்ளம் என்றால் ஊரை அடித்துப்போகும் பெருக்கு. இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் பிள்ளைக்கு எந்தப் படம் வரும் என்று சொல்ல முடியாது. 'ரிலாக்ஸ்' என்ற சொல் இன்னும் மோசம். அவன் கத்தும்போது, பிடித்து அமுக்கும்போது, பெரியவர்கள் எல்லோரும் சொன்ன சொல் அது. கேட்டதுமே உடம்பு விறைக்கும். எந்தெந்தச் சொல்லைக் கேட்டால் பிள்ளை இளகுகிறான், எதற்குக் காதைப் பொத்துகிறான் என்று தாய் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அந்தச் சொற்களில்தான் அமர்வு நடக்க வேண்டும். (இதைச் சொல்லும்போதே இன்னொன்று: இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசக் குழந்தையின் பேச்சு கெடுவதில்லை. வீட்டில் தமிழை நிறுத்தச் சொன்னால் நிறுத்தாதீர்கள்.)

கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. "என் கண்ணைப் பார்" என்பது அதைவிடத் தவறு. பெண்டுலம், சுழலும் வட்டம் எல்லாம் சினிமாவுக்கு. சுழலும் பொருளில் ஏற்கெனவே ஈர்ப்புள்ள பிள்ளை அதிலேயே லயித்துப் போவான்; நிபுணர் 'ஆழ்நிலைக்குப் போய்விட்டான்' என்பார், உண்மையில் அவர் குரலே அவனுக்குக் கேட்டிருக்காது. அதேபோல, "கை கனமாகுது" என்று சொன்னதும் பிள்ளை "கை கனமாகுது" என்று திருப்பிச் சொன்னால் யோசனை உள்ளே போய்விட்டது என்று அர்த்தமில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்லும் வழக்கமாக இருக்கலாம். மூச்சின் வேகம், தோளின் இறுக்கம், விரல்களின் அசைவு இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

கற்பனைக்கு அவனுக்குப் பிடித்த பொருள்தான் வாசல். கடற்கரை, மேகம், பூந்தோட்டம் எல்லாம் பெரியவர்களின் அமைதி. உங்கள் மகனுக்குப் பஸ் என்றால் பஸ்ஸே போதும். நன்றாகப் பேச்சு வந்த, பஸ் பித்துள்ள ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வசனம் இப்படி அமையும் ('மக்களே' என்பது குமரித் தமிழில் பிள்ளையைச் செல்லமாக அழைப்பது):

"மக்களே, பஸ் களியக்காவிளையில நிக்குது. நீ ஜன்னல் சீட்டுல இருக்க. கதவு அடைச்சாச்சு. பஸ் கிளம்புது. மூச்சு உள்ளே… மூச்சு வெளியே. பாறசாலை வந்தாச்சு. கால் ரெண்டும் சீட்டுல நல்லா இருக்குது. உதியன்குளங்கரை. தோள் கீழே இறங்குது. அமரவிளை. கை ரெண்டும் மடியில இருக்குது. நெய்யாற்றின்கரை. மூச்சு மெதுவா வருது. பாலராமபுரம். பஸ்ஸும் மெதுவா போகுது…"

நேமம், கரமனை தாண்டித் திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ் நிற்கும்போது அவனுக்கான யோசனையைச் சொல்ல வேண்டும்: 'ஊசி போடும்போது நான் மூணு தடவை மூச்சு வெளியே விடுவேன்' என்பது போல, அவன் செய்ய வேண்டிய ஒரே ஒரு செயல். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நடுவில் அவன் இரண்டு மூன்று மூச்சு விடும் நேரம் பேசாமல் இருக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்; அமைதி தாங்காமல் நிரப்பிவிடுகிறார்கள். மொத்தம் எட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடம். தினமும் அதே சொல், அதே வரிசை, அதே குரல்.

இதில் இரண்டு இடத்தில் வண்டி கவிழும். ஒன்று, நிறுத்தத்தை மாற்றிச் சொல்வது. பாதை மனப்பாடமான பிள்ளை "அமரவிளையை விட்டுட்டீங்க" என்று நிமிர்ந்து உட்காருவான், அத்தோடு எல்லாம் போயிற்று. இரண்டு, பஸ்ஸைத் தம்பானூரிலேயே விட்டுவிடுவது. வசனம் எழுதுபவர்கள் 'இப்போ கண் திற' என்று முடித்துவிடுவார்கள். தொடங்கியது முடியாமல் நின்றால் தவிக்கும் பிள்ளை அன்று இரவு முழுக்க "பஸ் எப்போ திரும்பும்" என்று கேட்டுக்கொண்டிருப்பான். திரும்பும் பயணமும் வேண்டும், கொஞ்சம் வேகமாக, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, களியக்காவிளை வரை. இறங்கியதும் கைகால் அசைத்து, பெயர் சொல்லி, தண்ணீர் குடிக்க வைத்து முடிக்க வேண்டும்.

வலிப்பு வந்த வரலாறு இருந்தால் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. ஆட்டிசத்தோடு வலிப்பும் சேர்ந்து வருவது அபூர்வமில்லை; சில வகை வலிப்பில் பிள்ளை சில நொடி வெறித்துப் பார்த்து நிற்பான், அவ்வளவுதான். அதை 'ஆழ்நிலை' என்று ஒருவர் புகழ்ந்துகொண்டிருந்தால் நிலைமை விபரீதம். திடீரெனத் தலையில் அடித்துக்கொள்வது, உறங்காமல் அழுவது தொடங்கினால் முதலில் பல், காது, மலச்சிக்கல் மூன்றையும் பார்க்க வேண்டும். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு வலியே தெரியாமல் செய்ய முயல்வது ஆபத்து.

இனி உங்கள் மகன் விஷயம். இப்போது அவன் பேசும் அளவுக்கு மேலே சொன்ன பஸ் பயணம் முழுதாக வேலை செய்யாது. அதன் எலும்புக்கூடு வேலை செய்யும்: முன்கூட்டியே தெரிந்த வரிசை, எண்ணிக்கை, மூச்சு, பிடித்த பொருள், நிச்சயமான முடிவு.

முடிவெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அங்கே பிரச்சினை பயம் மட்டுமில்லை. கழுத்தில் துணியின் உரசல், தெளிக்கும் தண்ணீர், மிஷினின் இரைச்சல், காதோரம் கத்திரிச் சத்தம், சட்டைக்குள் விழும் முடியின் அரிப்பு என்று ஐந்து தொல்லை ஒன்றாக வருகிறது. எது அவனுக்கு மோசம் என்று வீட்டில் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். துணிக்குப் பதில் அவனுடைய பழைய சட்டையைப் பின்பக்கமாகப் போடலாம். தண்ணீர் தெளிக்காமல் உலர்ந்த முடியாகவே வெட்டலாம். மிஷினை முதல் மூன்று மாதம் மறந்துவிடுங்கள், கத்திரி மட்டும். பிறகு கடை. செவ்வாய்க்கிழமை சலூன்கள் அடைத்திருக்கும் ஊர் என்றால், கடைக்காரரிடம் பேசி அன்று கால்மணி நேரம் மட்டும் திறக்கச் சொல்லுங்கள். ஃபேன் இல்லை, டிவி இல்லை, காத்திருக்கும் ஆள் இல்லை. முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்து இறங்கினால் போதும். அடுத்த முறை கத்திரியைக் காற்றில் பத்து முறை இயக்கிக் காட்டுவது. அதற்கடுத்து பத்து வெட்டு. நீங்கள் சத்தமாக எண்ணுங்கள், பத்து வந்ததும் நிறுத்துங்கள். பிள்ளை சமத்தாக இருக்கிறானே, இன்னும் நாலு வெட்டிவிடலாம் என்று கை பரபரக்கும். அந்த நாலு வெட்டில்தான் மூன்று வாரத்து நம்பிக்கை போகும். பாதி வெட்டிய தலையோடு வீட்டுக்கு வந்தால் என்ன, ஊர் சிரித்துவிட்டுப் போகட்டும். முடிந்ததும் பவுடர் பிரஷால் கழுத்தைத் துடைத்து, நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய் இரண்டு பஸ் பார்க்க வையுங்கள். 'முதலில் பத்து வெட்டு, பிறகு பஸ்' என்று இரண்டு படம் ஒட்டிய அட்டை கையில் இருக்கட்டும்.

ஊசிக்கு: லிடோகெய்ன் 2.5 சதவீதம், பிரிலோகெய்ன் 2.5 சதவீதம் சேர்ந்த மரத்துப்போகச் செய்யும் க்ரீம் மருந்துக்கடையில் கிடைக்கும். குழந்தை மருத்துவர் சொல்லும் அளவில், ஊசிக்கு 60 நிமிடம் முன்பு பூசி, மேலே ஒட்டும் உறையால் மூடி வைக்க வேண்டும். பத்து நிமிடம் முன்பு பூசிவிட்டு 'க்ரீம் வேலை செய்யவில்லை' என்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஹிப்னாசிஸில் 'மாயக் கையுறை' என்று ஒரு உத்தி உண்டு: கண்ணுக்குத் தெரியாத கையுறையை விரல் விரலாகப் போட்டுவிடுவது போல் குழந்தையின் கையை வருடுவார்கள். மெல்லிய தொடுதல் பிடிக்காத ஆட்டிசக் குழந்தைக்கு அந்த வருடலே முள் குத்துவது போலிருக்கும். அவனுக்குக் கையை அழுத்திப் பிடித்துப் பிடித்து விடுவதுதான் இதமாக இருக்குமா என்று ஒரு வாரம் முன்பிருந்தே பார்த்துப் பழக்குங்கள். ஊசியன்று சோப்புக் குமிழி ஊதச் சொல்லுங்கள்; நீண்ட மூச்சு வெளியே போக அதைவிட எளிய வழி கிடையாது. 'வலிக்கவே வலிக்காது' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'அழுத்தும். மூணு எண்ணினா முடிஞ்சிடும்' என்று சொல்லி, மூன்றில் முடியும்படி நர்ஸிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

உறக்கம்: பத்து மணிக்குப் படுக்கவைத்து ஒரு மணி வரை போராடினால், படுக்கை என்பது மூன்று மணி நேரம் சண்டை போடும் இடம் என்று அவன் கற்றுக்கொள்கிறான். தலைகீழாகச் செய்யுங்கள். அவன் உறங்கும் நேரத்துக்குக் கால்மணி முன்பு, அதாவது 12.45-க்குப் படுக்கவையுங்கள். இருபது நிமிடத்துக்குள் உறங்கிவிட்டால், இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறை கால்மணி நேரம் முன்னே நகர்த்துங்கள். காலையில் எழுப்பும் நேரம் ஞாயிறானாலும் மாறக் கூடாது, பகல் உறக்கம் கூடாது, படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே செல்போன் கண்ணில் படக் கூடாது. ஒரு மணியிலிருந்து பத்துக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். காலை உதறிக்கொண்டே உறங்குகிறான் என்றால் ரத்தத்தில் இரும்புச்சத்து, ஃபெரிட்டின் அளவு பார்க்கச் சொல்லுங்கள். இவை போதாதபோது உறக்கம் வரவைக்கும் மெலடோனின் என்ற மருந்து உண்டு. 1 முதல் 3 மில்லிகிராமில் தொடங்கி, படுக்கைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு கொடுப்பது வழக்கம். மருத்துவர் சொன்ன பிறகுதான், கடையில் கிடைக்கும் மிட்டாய் வடிவம் பார்த்து நீங்களாக வேண்டாம். விளக்கணைத்த பிறகு 'களியக்காவிளை… பாறசாலை…' என்று நிறுத்தங்களின் பெயரை மட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நீண்ட மூச்சு இடைவெளி விட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டே சொல்லிப் பாருங்கள். பேச்சு அதிகம் வராத பிள்ளைக்கும் இது தாலாட்டு மாதிரி.

காதில் வாக்கியம் சொல்லும் விஷயம்: உறங்கும் மூளை அப்படி மொழி கற்பதில்லை. ஒரு மணிக்கு உறங்கிய பிள்ளையின் காதருகே தினமும் போய் முணுமுணுத்தால் அவன் எழுந்துவிடுவான், நஷ்டம் உங்களுக்குத்தான். நிறுத்திவிடுங்கள்.

பேச்சுக்கு வழி வேறு. பேச்சுப் பயிற்சியாளர், படஅட்டை, சென்னையில் உருவான அவாஸ் போன்ற தொடர்புச் செயலி. படம் காட்டிக் கேட்கப் பழகினால் பேச்சு நின்றுவிடும் என்பது தவறான பயம். பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்து அவர்கள் வழியாகக் குழந்தையோடு தொடர்பை வளர்க்கும் முறையை கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளிடம் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களே அதை வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். உங்களுக்கு எட்டும் தூரத்தில் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் பேச்சுக்கும் செவித்திறனுக்குமான நிஷ் நிறுவனம் இருக்கிறது, மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது. 45,000 ரூபாயை அந்தப் பக்கம் திருப்புங்கள். பஸ் செலவு போகவும் மிஞ்சும்.

பின்னொரு நாள் யாரிடமாவது ஹிப்னாசிஸுக்குப் போவதாக இருந்தால் முதலில் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் அது இருக்க வேண்டும். சுவரில் மாட்டிய ஹிப்னோதெரபி சான்றிதழ் சில நாள் வகுப்பிலும் கிடைக்கும், அது இதற்கு ஈடாகாது. எந்த ஒரு தொந்தரவுக்கு, எத்தனை அமர்வில், எதை வைத்து அளப்பார் என்று கேளுங்கள். தொடங்கும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: படுத்த நேரம், உறங்கிய நேரம், இரவில் எழுந்த தடவை. நான்கு அமர்வுக்குப் பிறகு அதே கணக்கு நகரவில்லை என்றால் நிறுத்திவிடலாம். மொத்தத் தொகையை முன்கூட்டிக் கட்டச் சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். கதவைச் சாத்தி உங்களை வெளியே உட்கார வைத்தாலும் அப்படியே. உள்ளே நடந்ததை வந்து சொல்லத் தெரியாத பிள்ளையைத் தனியாக விட எந்தச் சிகிச்சையும் காரணமாக முடியாது. வேறு பயிற்சிகளை நிறுத்தச் சொன்னால், அது தன் கணக்கில் முன்னேற்றத்தை எழுதிக்கொள்ளும் வேலையாகத்தான் இருக்கும்.

இரவில் நிறுத்தங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு வாருங்கள். அவ்வப்போது ஒன்றை வேண்டுமென்றே விட்டுப் பாருங்கள், ஆனால் பகல் விளையாட்டில் மட்டும், உறங்கும் நேரத்தில் வேண்டாம். விட்டதை அவன் கண்டுபிடித்து, "அம்மா, அமரவிளை விட்டாச்சு, திரும்பப் போ" என்று உங்களைத் திருத்தும் அளவுக்குப் பேச்சு வந்தபிறகு, ஊசி பயம் அப்போதும் மிச்சமிருந்தால், இந்தக் கேள்வியை மறுபடி கேளுங்கள்.